ஒன்றேகால் அங்குலம்

அப்பா இறந்த அன்று துப்பாக்கி வீட்டில் இல்லை. ஸ்டேஷனில் இருந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலுக்காக, லைசென்ஸ் வைத்திருக்கும் மற்றவர்களைப் போல அப்பாவும் அதை ஒப்படைத்து ரசீது வாங்கி வைத்திருந்தார். தேர்தல் தேதி அறிவித்தால் திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் முதலில் நடப்பது அதுதான். 83 வயதிலும் கித்தான் உறையில் போட்டு, ஆட்டோவில் மடிமேல் குறுக்காக வைத்துக்கொண்டு போவார். வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் போய் வாங்கி வருவார். இந்த முறை வாங்கி வர அவர் இல்லை.

கொரோனா இரண்டாம் அலை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டு மனிதர்களைத் தவிர யாரும் வரவில்லை. சாப்பிட்டு இலை எடுத்த கையோடு அண்ணன் ஒரு தாளை நீட்டினார்.

"பாப்பா, இதுல ஒரு கையெழுத்து போடு."

எனக்கு 54 வயது. இரண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டேன். அண்ணனுக்கு இன்னும் பாப்பாதான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் பாப்பாக்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது பாருங்கள், அதுதான் பிரச்சினை.

படித்தேன். காலஞ்சென்ற எங்கள் தந்தையாருக்குச் சொந்தமான ".303 மிலிட்டரி ரைஃபிள்" ஒன்றை மூத்த மகன் பெயருக்கு மாற்றிக்கொள்வதில் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை என்று டைப் செய்திருந்தது.

"அண்ணா, இது .303 இல்ல."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. தாத்தாவுக்கு வெள்ளைக்கார துரை குடுத்தது. மொத உலகப் போருல சுட்ட துப்பாக்கி. யூடியூப்ல பார்த்தேன், இந்த மாதிரி ஒண்ணு இருபது லட்சம் போவுதாம்."

தம்பி ஒன்றும் பேசவில்லை. அம்மா இருந்திருந்தால் "உனக்கெதுக்குடி அதெல்லாம்" என்றிருப்பாள்.

எல்லாம் ஒன்றல்ல. ராணுவமும் போலீசும் பயன்படுத்திய .303 தோட்டாவைப் போடும் துப்பாக்கி, இந்தியச் சட்டப்படி தடை செய்யப்பட்ட ரகம். மாவட்ட ஆட்சியர் கொடுக்கும் சாதாரண லைசென்ஸில் அதை வைத்திருக்க முடியாது. மத்திய அரசின் அனுமதி வேண்டும். .22 அப்படியல்ல. இலக்குச் சுடும் விளையாட்டுக்குரிய சின்னத் தோட்டா. அண்ணன் டைப் செய்து வந்த தாளில் நான் கையெழுத்துப் போட்டிருந்தால், ஐம்பது வருடமாக ஒரு தப்பும் செய்யாத எங்கள் அப்பா தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தார் என்று பிள்ளைகள் மூவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்ததாக ஆகியிருக்கும். இதைச் சொன்னதும் அண்ணன் தாளை மடித்துப் பையில் வைத்தார். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்த வீட்டில் அந்தத் துப்பாக்கியை அப்பாவுக்கு அடுத்தபடியாகச் சுட்ட ஒரே ஆள் நான்.

1985இல் திண்டிவனத்தில் கல்லூரியில் சேர்ந்தபோது என்.சி.சி.யில் பெயர் கொடுத்தேன். காலை அணிவகுப்பு முடிந்து பூரி கிழங்கு தருவார்கள், சேர்ந்த காரணம் அதுதான். பெண்களுக்கான என்.சி.சி. பிரிவு 1949இலேயே தொடங்கிவிட்டது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. முதல் முகாமில் 25 கஜத்தில் .22 ரைஃபிள் கொடுத்தார்கள். குப்புறப் படுத்து ஐந்து ரவுண்டு சுட்டேன். இலக்குத் தாளை எடுத்து வந்த ஹவில்தார், ஐந்து ஓட்டைகளையும் ஒரு ரூபாய்க் காசால் மூடிக் காட்டி, "யாரு பொண்ணும்மா நீ?" என்றார். வீட்டில் வந்து சொன்னேன். அப்பா நில அளவைத் துறையில் சர்வேயர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். தாளை வாங்கி ஸ்கேல் வைத்து அளந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் உறுப்பினராக இருந்த ரைஃபிள் கிளப்புக்கு என்னையும் அழைத்துப் போனார். மூன்று வருடம், ஏறக்குறைய எல்லா ஞாயிறும் போனோம். அண்ணன் அந்த நேரத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்.

தேர்தல் முடிந்த பிறகு துப்பாக்கியை ஸ்டேஷனிலிருந்து லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையின் பாதுகாப்புக்கு மாற்றினார்கள். உரிமையாளர் இறந்தால் வாரிசு முடிவாகும்வரை துப்பாக்கி ஸ்டேஷனிலோ கடையிலோதான் இருக்க வேண்டும். ஊரடங்கு தளர்ந்ததும் நானும் அண்ணனும் போனோம். விழுப்புரத்திலிருந்து நான் வந்தேன், திண்டிவனத்திலிருந்து அவர்.

கடைக்காரர் நல்ல மனிதர். காபி வரவழைத்தார். ஆனால் கடைசிவரை அண்ணனைப் பார்த்துத்தான் பேசினார்.

உறையைப் பிரித்ததும் என் கை தானாக லிவருக்குப் போனது. கையில் எடுத்தால் முதலில் காலியா என்று பார், மற்றதெல்லாம் பிறகு. முப்பது வருடம் கழித்தும் கை மறக்கவில்லை. விசைக்குப் பின்னாலிருக்கும் லிவரைக் கீழே இழுத்தால், உள்ளே இருக்கும் இரும்புக் கட்டை பின்புறம் கீல் போல நிற்க, முன்புறம் மட்டும் தாழும். தோட்டாவைக் கட்டை விரலால் தள்ளி, லிவரை மேலே தூக்கினால் மூடிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான். இந்த அமைப்புக்கு மார்ட்டினி என்று பெயர். 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி இந்த அமைப்பில் செய்ததுதான். நூறு வருடத்துக்கு மேற்பட்ட ராணுவ வம்சாவளி என்று அண்ணன் பெருமைப்படுவதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் எங்கள் துப்பாக்கி அந்த வம்சத்தில் பிறந்து போருக்கே போகாத பிள்ளை.

இடப்பக்கத்தில் மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து வைத்த முத்திரை. பி.எஸ்.ஏ.

"பி.எஸ்.ஏன்னா சைக்கிள் கம்பெனிதானே?" என்றார் அண்ணன். அம்பத்தூரில் தயாரான பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். சைக்கிள் அவருக்கு வாங்கிக் கொடுத்தது. நான் திருட்டுத்தனமாக ஓட்டிப் பழகியது. அந்தப் பெயரின் விரிவே பர்மிங்காம் சிற்றாயுதங்கள் என்பதுதான். 1861இல் துப்பாக்கித் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. ஆர்டர் குறைந்த காலத்தில்தான் சைக்கிள் பக்கம் போனார்கள்.

கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்தேன். கடைப்பையன் சிரித்தான். முதலில் தேடியது ஓர் அம்புக்குறியை. பிரிட்டிஷ் அரசு தன் உடைமைகளில் அகலமான அம்புத்தலை ஒன்றைக் குத்தி வைக்கும். அது எங்கும் இல்லை. ராணுவம் வாங்கிய துப்பாக்கி அல்ல. அடுத்து குழலின் அடிப்பகுதியில் சோதனைக் குறிகள். பர்மிங்காமில் ஒவ்வொரு குழலையும் கூடுதல் மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். கிரீடத்துக்குக் கீழே பி.பி., பி.வி. என்று இருந்தால் பழையது. 1954இல் விதி மாறிய பிறகு பி.என்.பி. என்று வரும். எங்களுடையது பழையது. கனமான குழல், தடித்த முன்கட்டை, பார்க்கர்-ஹேல் கம்பெனியின் துளைப் பார்வை இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் 12/15 என்ற மாடல். அது 1938இல் வந்தது. ஆக 1938க்கும் 1954க்கும் நடுவே பிறந்த துப்பாக்கி, 1918இல் முடிந்த போரில் சுட்டிருக்க வழியில்லை.

துரையும் இல்லை. அப்பாவின் பழைய லைசென்ஸ் புத்தகத்தைக் கடைக்காரர் புரட்டினார். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல். அதற்கு முன்பு எங்களுக்குக் கடலூர்தான் எல்லாம். தென்னாற்காடு மாவட்ட ஆட்சியரின் முத்திரையோடு முதல் பக்கத்தில் இருந்தது: 1968, சென்னைக் கடை ஒன்றில் வாங்கியது. தாத்தா விழுப்புரம் ஜங்ஷனில் ஃபயர்மேன். கரி அள்ளிப் போட்டவருக்கு எந்தத் துரை துப்பாக்கி கொடுத்தான்? அப்பா தன் சம்பளத்தில், இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறார். கட்டையில் ஒரு 7 குத்தியிருக்கிறது. துப்பாக்கி அடுக்கில் வைக்கும் எண்ணாக இருக்கலாம். வெள்ளையர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும் மட்டும் சேரக்கூடிய துணைப்படை ஒன்று 1947வரை இருந்தது. தென்னிந்திய ரயில்வேக்கும் அதில் ஒரு பிரிவு உண்டு. அந்த மாதிரி ஏதாவது ஒரு கிளப் கலைந்தபோது கடைக்கு வந்திருக்கலாம். இது என் ஊகம்தான். தாத்தா பார்க்க மட்டும் முடிந்த ஒன்றை மகன் காசு கொடுத்து வாங்கினார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"சரி, விலைக்கு வருவோம்" என்றார் கடைக்காரர், அண்ணனிடம். எண்பதுகளின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதி செய்வதை அரசு நிறுத்தியது. அதனால் இங்கிலாந்தில் கிளப்புகளில் சல்லிசாகக் கைமாறும் ஒரு பழைய துப்பாக்கிக்கு இங்கே அயல்நாட்டுச் சரக்கு என்ற மவுசு. ஆனால் கேட்டு வருகிறவர்கள் இடுப்பில் செருகும் ரிவால்வரைக் கேட்கிறார்கள். தாளைச் சுடும் துப்பாக்கி யாருக்கு வேண்டும்? போதாக்குறைக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. சேகரிப்பாளர்களே குறைந்துவிட்டார்கள். இருபது லட்சம் என்பது காற்றில் போனது.

குழலை மட்டும் பாராட்டினார். வாயில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி இருக்கே" என்றார். எனக்குக் காரணம் தெரியும். மார்ட்டினியைப் பின்பக்கமிருந்து சுத்தம் செய்ய முடியாது. கம்பியை வாய்ப்பக்கமாகத்தான் விட வேண்டும். அப்படி விட்டு விட்டு எடுத்தால் கம்பி உரசி உரசி வாய் தேய்ந்துவிடும். வாய் தேய்ந்தால் குறி போய்விடும், விலையும் போய்விடும். இதற்காக அப்பா விழுப்புரத்தில் ஒரு ரயில்வே ஃபிட்டரிடம் சொல்லி, லேத்தில் கடைந்த ஒரு பித்தளை மூடி வைத்திருந்தார். குழல் வாயில் கவிழ்த்தால் நடுத் துளை வழியாகக் கம்பி எங்கும் படாமல் நேராக இறங்கும். அவர் கம்பியை இழுப்பார், நான் மூடியைப் பிடித்துக்கொள்வேன். அப்பாவின் பெட்டியை ஒழித்தபோது அதை மூக்குப்பொடி டப்பா மூடி என்று நினைத்து அண்ணி பழைய சாமானில் போட்டிருந்தார். நான்தான் பொறுக்கி எடுத்து வந்தேன்.

"வித்துட்டா, முன்னாடி கட்டைக்கு ஒரு வார்னிஷ் அடிச்சுடலாமா?" என்று அண்ணன் கேட்டார். நானும் கடைக்காரரும் ஒரே நேரத்தில் "ஐயோ வேணாம்" என்றோம். அப்போதுதான் அவர் முதன்முதலாக என்னைத் திரும்பிப் பார்த்தார். பழைய பொருளில் பழைய எண்ணெயும் பழைய கீறலும்தான் விலை.

பிறகு பின்கட்டையைத் திருப்பினார். உதட்டைப் பிதுக்கினார். "அடடா. இதை அறுத்திருக்காங்க சார்."

தோளில் பதியும் தகட்டைச் சுட்டிக் காட்டினார். தகட்டின் ஓரமும் மரமும் கச்சிதமாக ஒட்டவில்லை, அரம் போட்டுத் தேய்த்த தடம். "எவனோ விவரம் இல்லாதவன் வேலை. ஒரு அங்குலத்துக்கு மேல போயிருக்கு. ஒரிஜினல் இல்லன்னு சொல்லிடுவாங்க. சொன்ன விலைல பாதிகூடத் தேறாது. அறுத்த துண்டு இருந்தாலாவது ஒட்டி ஏதாச்சும் பண்ணலாம்."

எவனோ இல்லை. 1986, மழைக்காலம். எனக்கு அந்தத் துப்பாக்கி நீளம். கன்னத்தைக் கட்டையில் வைத்தால் கண் துளைக்கு எட்டாது, கழுத்தை நீட்டி நீட்டி வலிக்கும். துப்பாக்கிகள் எந்த உடம்பை அளந்து செய்யப்படுகின்றன என்று அன்று எனக்குத் தெரியாது. என் கைதான் குட்டை என்று நினைத்தேன். அப்பா என் முழங்கை மடிப்பிலிருந்து விரல்வரை டேப் வைத்து அளந்தார். இரண்டு நாள் யோசித்தார். திண்ணையில் உட்கார்ந்து தகட்டைக் கழற்றி, பென்சிலால் கோடு போட்டு, மெல்லிய ரம்பத்தால் அறுத்தார். ஒன்றேகால் அங்குலம். அறுத்த துண்டை என்னிடம் கொடுத்து, "பத்திரமா வெச்சிரு, பின்னால ஒட்டணும்னா வேணும்" என்றார்.

இதோடு நிறுத்தினால் நல்ல அப்பா கதை. அதே அப்பாதான் 1990இல் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, கிளப் போட்டியில் நான் வாங்கிய இரண்டு கோப்பைகளையும் சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏற்றினார். "பொண்ணு துப்பாக்கி சுடுமாமே" என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி போயிருந்தது. "சும்மா காலேஜ்ல என்.சி.சி.ங்க" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னது அடுப்படியில் எனக்குக் கேட்டது. பிறகு என்னிடம், "போதும்மா" என்றார். நானும் சரி என்றேன். அழக்கூட இல்லை. 1989இல் தமிழ்நாட்டில் கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. நிலம் அளக்கும் அப்பாவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றியும் அவர் பேசியதில்லை.

கடையில் அந்த லைசென்ஸ் புத்தகத்தை நான் வாங்கிப் பார்த்தேன். வாங்கும் தோட்டாவையெல்லாம் அதில் பதிவார்கள். 1968 முதல் வருடத்துக்குக் கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருந்தவர், 1986, 87, 88இல் பக்கம் பக்கமாக வாங்கியிருக்கிறார். 1990 தை மாதம் கடைசிப் பதிவு. அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம், லைசென்ஸ் புதுப்பித்த முத்திரைகள் மட்டும் இருக்கின்றன. ஒரு தோட்டாகூட வாங்கவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் மடியில் வைத்துக்கொண்டு போய்வந்தது, சுடாத துப்பாக்கியை.

எனக்கு அந்த இடத்தில் அப்பாமேல் வந்தது கோபம்தான். எழுபது வயது தாண்டினாலோ, இருபத்தைந்து வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வாரிசு பட்டியலில் மகள் என்ற சொல்லும் இருக்கிறது. அவர் இரண்டையும் தாண்டி இருந்தார். மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

துப்பாக்கியை விடுதலைச் சின்னமாக்க நான் இதை எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் அது யார் சுவரில் தொங்கும், யாரைப் பயமுறுத்தத் தொங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் செய்தது தாளில் ஓட்டை போடும் விளையாட்டு. ஆனால் மூச்சை அரைவாசி விட்டு நிறுத்தி, வேறு எதுவும் நினைக்காமல் ஒரு கறுப்பு வட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் அந்த நேரம்போல் எனக்கே எனக்கென்று ஒரு நேரம் அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்தில் 1930இல் மார்ஜரி ஃபோஸ்டர் என்ற பெண் ஆண்கள் எல்லோரையும் வென்று மன்னர் பரிசை வாங்கியிருக்கிறார். 1976 ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒன்றாகப் போட்டியிட்டபோது அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக் முதலிடத்துக்குச் சமமான புள்ளி எடுத்து வெள்ளி வாங்கினார். தங்கம் வாங்கியவர் கீதம் ஒலிக்கும்போது அவரைத் தன் மேடைக்கு ஏற்றிக்கொண்டார். 1984இல் பெண்களுக்குத் தனிப் போட்டிகள் வந்தன. நம் ஊரில் அஞ்சலி பாகவத் என்.சி.சி. வழியாகத்தான் வந்தார். 2021 ஜூலையில், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவில் சுட்டதை விழுப்புரத்தில் தனியாக உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தேன். அவர் மூச்சை நிறுத்தும்போது நானும் நிறுத்தினேன்.

அந்த வாரம் நானே தாளை டைப் செய்தேன். .22 பி.எஸ்.ஏ. மார்ட்டினி, வரிசை எண், கட்டை குறைக்கப்பட்டது என்பதுவரை எழுதினேன். மாற்றிப் பெறுகிறவர் என்ற இடத்தில் என் பெயர். ஆட்சேபணை இல்லை என்ற இடத்தில் அண்ணன், தம்பி. தம்பி மறுநாளே கையெழுத்திட்டு அனுப்பினான். அண்ணன் பத்து நாள் கழித்துப் போன் செய்தார்.

"அதை வெச்சிக்கினு நீ என்னா பண்ணப் போற?"

"சுடப் போறேண்ணா. ஞாயித்துக்கிழமைல."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "விக்கிற மாதிரி இருந்தா சொல்லு, என் பங்கு இருக்கு" என்றார். கையெழுத்து வந்து சேர்ந்தது.

விசாரணைக்கு வந்த காவலர் வரவேற்பறையில் உட்கார்ந்து, "வீட்டுக்காரர் பேர்ல போட்டிருக்கலாமேம்மா" என்றார். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "எனக்கு அதைப் பிடிக்கக்கூடத் தெரியாதுங்க" என்றார். விண்ணப்பத்தில் நோக்கம் என்று கேட்ட இடத்தில் இலக்குப் பயிற்சி என்று எழுதியிருக்கிறேன்.

அறுத்த துண்டு விழுப்புரம் வீட்டில்தான் இருக்கிறது. கல்யாணமாகி வந்தபோது டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்தது. முப்பது வருடமாக அடுப்படிக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்திருந்தது. வால்நட் மரம், ஒரு பக்கம் பழைய எண்ணெய் நிறம், மறுபக்கம் அப்பாவின் பென்சில் கோட்டில் பாதி. கடைக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. ஒட்டினால் விலை ஏறும், உண்மைதான். ஒட்டினால் கட்டை என் தோளுக்கு நீளம்.